கவிதை நாள் கொண்டாட்டம்: இடம் பார்ப்பது முதல் கடைசிக் கவிதை வரை

கவிதை நாளுக்கு உலகம் முழுக்க ஒரே தேதி கிடையாது. 1999இல் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாடு மார்ச் 21ஐ உலகக் கவிதை நாளாக அறிவித்தது. ஹங்கேரியில் 1964 முதல் கவிஞர் அத்திலா யோசெஃப் பிறந்த ஏப்ரல் 11தான் கவிதை நாள். பிரிட்டனில் 1994இல் தொடங்கிய தேசியக் கவிதை நாள் அக்டோபர் முதல் வியாழக்கிழமை வரும். நெதர்லாந்தில் ஜனவரியின் கடைசி வியாழன், நியூசிலாந்தில் ஆகஸ்ட் இறுதியில் ஒரு வெள்ளி. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

வார நாளில் வந்தால் ஒரு வசதி உண்டு. பள்ளியும் நூலகமும் அலுவலகமும் திறந்திருக்கும். பகலில் கவிதை அட்டைகளை அங்கெல்லாம் சேர்த்துவிட்டு, மாலையில் வாசிப்பை வைக்கலாம். குடும்பத்தோடு வருவோர் முக்கியம் என்றால் அதையொட்டிய சனி, ஞாயிறுக்கு மாற்றுங்கள். தேதி இரண்டு நாள் தள்ளிப்போனதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தேதியை விட முக்கியமான முடிவு ஒன்று இருக்கிறது: இது யாருக்கான நிகழ்ச்சி? கவிதைக் கூட்டங்களில் அரங்கில் இருக்கும் முப்பது பேரில் இருபத்தைந்து பேர் தன் முறைக்காகக் காத்திருக்கும் கவிஞர்களாக இருப்பது சாதாரணம். வாசித்து முடித்தவர் கிளம்பிவிடுவார். கடைசியில் வாசிப்பவருக்கு நாற்காலிகள்தான் மிஞ்சும். ஆகவே கவிதை எழுதாதவர் ஒருவர் உள்ளே வந்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, ஒரு கவிதையையாவது மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை அளவுகோலாக வையுங்கள். கீழே வருகிற கணக்குகளெல்லாம் அந்த ஒருவரை வைத்துப் போட்டவை.

எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் கவிஞர்களோடு பேசுபவர், ஒருவர் இடம், ஒலி, நாற்காலி பார்ப்பவர், ஒருவர் அறிவிப்பும் அச்சும். பத்துப் பேர் கொண்ட குழு அமைத்தால் முதல் மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் பரிமாறுவதிலேயே போய்விடும்.

நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், எட்டாவது வாரத்தில் இடம் உறுதியாக வேண்டும். ஆறாவது வாரத்தில் அழைக்கப்படும் கவிஞர்களின் ஒப்புதல். நான்காவது வாரத்தில் அறிவிப்பு வெளியே போக வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போது வாசிக்கப்போகும் கவிதைகள் எழுத்தில் கைக்கு வந்திருக்க வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் வருகிறார் என்றாலோ, மொழிபெயர்ப்பு அச்சிட வேண்டும் என்றாலோ இந்த இரண்டு வாரம் கட்டாயம். கவிதையை அன்று மேடையில் முதல்முறை கேட்டு யாராலும் பெயர்க்க முடியாது.

இடம்

பெரிய அரங்கு வேண்டாம். நாற்பது பேர் வந்து நிறைந்த சிறிய அறை, அதே நாற்பது பேர் சிதறி உட்கார்ந்த பெரிய மண்டபத்தை விடப் பத்து மடங்கு உயிரோட்டமாக இருக்கும். ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்தால் முப்பத்தைந்து நாற்காலி போடுங்கள்; பதினைந்தைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். கூட்டம் வரவர எடுத்துப் போடுவது நல்ல அறிகுறி, காலி வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது கெட்ட அறிகுறி.

இடம் பார்க்கப் போகும்போது நிகழ்ச்சி நடக்கவிருக்கும் அதே நேரத்தில், அதே கிழமையில் போங்கள். காலை பத்து மணிக்கு அமைதியாக இருந்த அறையில் மாலை ஆறு மணிக்குப் பக்கத்து அறை நடன வகுப்பு கேட்கும். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒலி திரும்பி வந்து தொங்கினால் கவிதையின் கடைசி எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். திரைச்சீலையோ விரிப்போ தேவை. மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் பார்வையாளர் இருக்கைக்கு மட்டுமல்லாமல் மேடைக்கும் போக வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். மேடையே இல்லாமல் தரைமட்டத்தில் வாசிப்பது இதற்கு மிக எளிய தீர்வு.

நேரக் கணக்கு

நிகழ்ச்சிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கவிதையைக் காது கொடுத்துக் கேட்பது உரை கேட்பதை விடக் களைப்பான வேலை. தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், நடுவில் இடைவேளை விடுங்கள்.

அழைக்கப்பட்ட கவிஞர்கள் நான்கு பேர், ஆளுக்கு 6 நிமிடம் என்றால் 24 நிமிடம். ஆனால் அறிமுகம், எழுந்து வருவது, மைக்கைச் சரிசெய்வது, கைதட்டல் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஒன்றரை நிமிடம் தின்னும். ஆக 30. விரும்பிப் பெயர் கொடுப்பவர்கள் வாசிக்கும் திறந்த மேடையில் எட்டுப் பேர், ஆளுக்கு 3 நிமிடம், இடைவெளி ஒரு நிமிடம்: 32. தொடக்கம் 5, இடைவேளை 15, முடிக்கும் கவிதை 3. மொத்தம் 85. மீதமுள்ள 5 நிமிடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், அது தானாகவே செலவாகிவிடும்.

திறந்த மேடைக்கு மூன்று நிமிடம் என்பது கவிதைப் போட்டி மேடைகளில் நெடுநாளாகப் புழங்கும் அளவு. அங்கே மூன்று நிமிடத்துக்கு மேல் பத்து விநாடி சலுகை உண்டு, அதையும் தாண்டினால் மதிப்பெண் குறையும். சமூக நிகழ்ச்சியில் மதிப்பெண் வேண்டாம், அளவு மட்டும் போதும். தமிழ்க் கவிதையை நிறுத்தி நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 70 முதல் 90 சொல் வரும். எனவே மூன்று நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 220 சொல். சிறு கவிதை என்றால் இரண்டு, நீள் கவிதை என்றால் ஒன்று. இதைச் சொல் கணக்காகவே அழைப்பில் எழுதிவிடுங்கள். “சுருக்கமாக வாசிக்கவும்” என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

கவியரங்க மேடையில் ஊறியவர்கள் ஒவ்வொரு வரியையும் இருமுறை சொல்வார்கள். கைதட்டல் கேட்டால் மூன்றாம் முறையும் வரும். ஆறு நிமிடக் கவிதை பதினைந்து நிமிடம் ஆவது அப்படித்தான். தவறு என்று சொல்ல முடியாது, மரபுக் கவிதையில் கேட்பவருக்கு அது உதவவும் செய்யும். அப்படி வாசிப்பவர் என்று தெரிந்தால் கவிதையின் அளவைப் பாதியாகக் கேட்டு வாங்குங்கள்.

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. இந்த ஆறையும் வைத்துவிட்டு “கவிதைக்கு நேரமில்லாமல் போய்விட்டது” என்று வருந்துவதில் பொருளில்லை. யாரையாவது கௌரவிக்கத்தான் வேண்டும் என்றால் பேச அழைக்காமல், தமக்குப் பிடித்த, தாம் எழுதாத ஒரு கவிதையை வாசிக்க அழையுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார்கள், சிலர் நன்றாக வாசிக்கவும் செய்வார்கள்.

அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை

நாள், வந்து சேர வேண்டிய நேரம், வாசிக்கும் நேரம், சொல் அளவு, எத்தனையாவது ஆளாக வாசிப்பார், பார்வையாளர் யார் (குழந்தைகள் இருப்பார்களா என்பது உட்பட), ஒளிப்பதிவு உண்டா, அது எங்கே வெளியாகும், மதிப்பூதியமும் பயணச் செலவும் எவ்வளவு, எப்போது. பணம் இல்லை என்றால் இல்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். கடைசி வரை அதைப் பேசாமல் விட்டு, பொன்னாடையோடு அனுப்பிவைப்பதுதான் கவிஞர்களை மறுமுறை வராமல் செய்யும்.

ஒருவர் கடைசி நேரத்தில் வரமாட்டார். இது கிட்டத்தட்ட விதி. அவருக்குப் பதிலாக வாசிக்க, காலத்தால் முந்திய கவிதைகள் இரண்டை அச்செடுத்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கையில் வையுங்கள்.

யாருடைய கவிதையை வாசிக்கலாம்

தன் கவிதையைத் தானே வாசிப்பவருக்குச் சிக்கல் இல்லை. பிறர் கவிதையை அச்சிட்டுக் கொடுக்கும்போதும், ஒளிப்பதிவை இணையத்தில் ஏற்றும்போதும் பதிப்புரிமை குறுக்கே வரும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 70 ஆண்டு. இறந்த ஆண்டின் இறுதியிலிருந்துதான் கணக்கு. 1921இல் மறைந்த பாரதியை எங்கும் தயங்காமல் அச்சிடலாம். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எழுநூறு ஆண்டுப் பழைய கவிதையின் நேற்று வந்த மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவருடையது. உரிமை உள்ள கவிதை என்றால் கவிஞருக்கோ பதிப்பகத்துக்கோ எத்தனை பிரதி, எங்கே, எந்த நாள் என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாளைத் தயாரிப்பது

கைப்பேசியைப் பார்த்து வாசிப்பது எளிது போலத் தோன்றும். நடுவில் திரை அணையும், செய்தி வந்து விழும், விரல் பட்டுப் பக்கம் ஓடும், வாசிப்பவர் முகம் குனிந்தே இருக்கும். தாளில் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து 16 அல்லது 18 புள்ளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு, கவிதையின் நடுவில் தாள் திருப்ப வேண்டியிருந்தால் பத்தி முடிகிற இடத்தில் உடையுங்கள். தாள்களைப் பின் அடிக்காதீர்கள். வாசித்ததைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும்.

அடுத்தது நிறுத்தக் குறி: எங்கே நிறுத்தி வாசிப்பது என்று தாளில் இடும் சாய்கோடு. இதைக் காட்டுவதற்கென்றே எழுதிய நான்கு வரி:

கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள்
வர யாருமில்லை என்று
தெரிந்த பின்னும்
காற்றுக்காக

பழகாதவர் இதை வரிக்கு வரி ஒரே அளவு நிறுத்தி வாசிப்பார். “என்று” என்ற சொல்லில் குரலைத் தாழ்த்தி முடித்துவிட்டால் அடுத்த வரி அநாதையாகிவிடும். இன்னொரு வகையினர் “தெரிந்த பின்னும் காற்றுக்காக” என்று ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள். கவிதையே அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது, அது தெரியாமலே போய்விடும். முதல் வரி முடிவில் ஒரு சாய்கோடு, “என்று” முடிவில் எதுவும் வேண்டாம், குரல் உயர்ந்தே நிற்கட்டும். “பின்னும்” என்ற இடத்தில் இரண்டு சாய்கோடு. அங்கே மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு, “காற்றுக்காக” என்பதைச் சாதாரணக் குரலில் சொன்னால் போதும். அழுத்திச் சொல்லத் தேவையில்லை, அந்த இடைவெளியே அழுத்திவிடும்.

மரபுக் கவிதைக்குச் சிக்கல் வேறு. வெண்பாவைச் சீர் சீராகத் தட்டித் தட்டி வாசித்தால் ஓசை நிற்கும், பொருள் சிதறும். பொருளுக்காக மட்டும் பிரித்து வாசித்தால் செய்யுள் உரைநடையாகிவிடும். முதலில் புணர்ச்சி பிரித்து எழுதி, பொருள் எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புணர்ச்சியோடு கூடிய மூலத்தை வாசியுங்கள். அடியின் முதல் சீரை மட்டும் எப்போதும் தெளிவாக எடுங்கள். எதுகையும் மோனையும் அங்கேதான் கண்ணி போடுகின்றன; அது காதில் விழுந்துவிட்டால் சொல் புரியாதவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

மைக்

முப்பது பேர் உள்ள அறைக்கு மைக் வேண்டியதில்லை, காது கேட்கும் கருவி அணிந்தவர் இருந்தாலொழிய. மைக் உண்டு என்றால், ஒலிபெருக்கிகள் வாசிப்பவருக்கு முன்னால், பார்வையாளரை நோக்கி இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் அதன் ஒலியே மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். வாயிலிருந்து நான்கு விரல் தூரம், நேர் எதிரே இல்லாமல் சற்றுச் சாய்வாக. நேராகப் பிடித்தால் “ப” வரும் இடமெல்லாம் வெடிக்கும். கையில் பிடிப்பவர்கள் வலைத் தலையைப் பொத்திப் பிடிப்பார்கள், அதுவும் ஊளைக்கு ஒரு காரணம். உயரம் சரிசெய்யும் தாங்கி ஒன்று வைத்து, தொகுப்பாளரே ஒவ்வொருவருக்கும் உயரத்தை மாற்றிக் கொடுத்தால் “கேக்குதா? கேக்குதா?” என்று தொடங்கும் வாசிப்புகள் குறையும்.

ஒலிச் சோதனையைக் கூட்டம் வருவதற்கு முக்கால் மணி முன்பே, கவிதை வாசித்துச் செய்யுங்கள். “ஒன்று இரண்டு மூன்று” சொல்லும் குரல் வேறு, கவிதை வாசிக்கும் குரல் வேறு.

அந்தாதிச் சங்கிலி: எழுதாதவர்களையும் எழுத வைக்க

கேட்க வந்தவர்களை ஈடுபடுத்த இதைவிடப் பொருத்தமான விளையாட்டு தமிழில் இல்லை. ஒருவர் எழுதிய நாலு வரியின் கடைசிச் சொல் அடுத்தவரின் முதல் சொல். சங்கிலியின் கடைசிக் கவிதை முதல் கவிதையின் முதல் சொல்லில் வந்து முடிய வேண்டும். அதை மண்டலித்தல் என்பார்கள்.

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு 5 நிமிடம் கொடுங்கள்: 20 நிமிடத்தில் முடியும். இதை நிகழ்ச்சிக்கு முந்திய அரை மணியில், வந்து சேர்பவர்களை வைத்தே நடத்தலாம். பன்னிரண்டு பேரை ஒரே சங்கிலியில் கோத்தால் ஒரு மணி நேரம் ஆகும், எழுதாத பதினொரு பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

சங்கிலி அறுந்துபோகும் இடம் எப்போதும் ஒன்றே. தமிழில் வாக்கியம் இயல்பாக வினைச்சொல்லில் முடியும். ஒருவர் “போய்விட்டது” என்று முடித்துவிட்டால் அடுத்தவர் என்ன செய்வார்? ஆகவே ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: கடைசி வரி பெயர்ச்சொல்லில், வேற்றுமை உருபு இல்லாமல் முடிய வேண்டும். “வெயில் விலகிப் போகிறது” என்றால் முட்டுச்சந்து. வரியைப் புரட்டிப் போட்டால் வழி திறக்கும்:

பூனை தூங்குகிறது படியில்
எழுப்ப மனமில்லாமல்
விலகிப் போகிறது
வெயில்

வெயில் ஏறிய கொடியில்
ஆடிக்கொண்டிருக்கிறது
யாரோ கழற்றிப்போட்ட
சட்டையின் நிழல்

மூன்றாமவர் “நிழல்” என்று தொடங்குவார். நான்காமவர் எப்படியாவது பூனையைக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். அதனால்தான் முதல் சொல்லை நீங்களே எளிய பொருட்பெயராகக் கொடுத்துவிடுவது நல்லது. “சுதந்திரம்” என்று தொடங்கிய சங்கிலிகள் நான்கு கவிதையும் ஒரே முழக்கமாக முடியும்.

வர முடியாதவர்களுக்கு

ஏ4 தாளில் நான்கு ஏ6 அட்டை வரும். 50 தாள் வாங்கினால் 200 அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு கவிதை, பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டாம், பின்பக்கத்தில் நிகழ்ச்சியின் நேரமும் இடமும். மருத்துவமனைக் காத்திருப்பு அறை, முடிதிருத்தகம், பேருந்து நிலையம் போல மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களில், கேட்டுவிட்டு வையுங்கள்.

அன்று

நேரம் பார்ப்பவர் ஒருவர் முன்வரிசையில் வாசிப்பவரின் கண்ணில் படும்படி உட்காரட்டும். திறந்த மேடையில் இரண்டரை நிமிடத்தில் ஒரு மஞ்சள் தாளை மடியில் வைத்தால் போதும். மணி அடிப்பது வாசிப்பவரை அவமானப்படுத்தும், கேட்பவரையும் கவிதையிலிருந்து வெளியே இழுத்துவிடும். இதை முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. மூன்றரையைத் தாண்டினால் தொகுப்பாளர் எழுந்து மேடை ஓரம் வந்து நிற்க வேண்டும். பேச வேண்டியதில்லை.

அறிமுகம் இரண்டே வாக்கியம். விருதுப் பட்டியலை அச்சில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கவிதைக்கும் கைதட்டாமல் ஒவ்வொரு கவிஞர் முடிக்கும்போது தட்டலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். கவிதைக்கும் கவிதைக்கும் நடுவே இரண்டு விநாடி அமைதி கிடைக்கும். திறந்த மேடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுக்கு மேல் போனால் சீட்டுக் குலுக்குங்கள். முந்தி வந்தவருக்கு முதலிடம் என்றால் எப்போதும் அதே எட்டுப் பேர்தான் வருவார்கள். வரிசையை அமைக்கும்போது இரண்டாம் பாதியைத் திறந்த மேடையால் தொடங்கி, அழைக்கப்பட்ட கவிஞர்களில் ஒருவரைக் கடைசிக்கு நிறுத்திவையுங்கள், கூட்டம் தங்கும்.

வேற்றுமொழிக் கவிதை இருந்தால் வரிக்கு வரி பெயர்த்துச் சொல்லாதீர்கள், இரண்டும் கெடும். எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியம், பிறகு மூலம் முழுதாக, பிறகு மொழிபெயர்ப்பு முழுதாக.

ஒளிப்பதிவில் வர விரும்பாதவர்களுக்கு ஒரு பக்கத்து இருக்கைகளை ஒதுக்கி, கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். குழந்தைகள் வாசித்தால் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். முழுப் பெயரையும் பள்ளியின் பெயரையும் இணையத்தில் சேர்த்துப் போட வேண்டாம்.

மூன்று நாளுக்குள் மதிப்பூதியம், ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதமும் ஒளிப்பதிவு இணைப்பும். அதற்கு முன், அன்றிரவு நாற்காலிகளை அடுக்கும்போது பார்வையாளர்களுக்குக் கொடுத்த கவிதைத் தாள்களில் இருக்கைகளில் விட்டுச்சென்றவற்றை எண்ணிப் பாருங்கள். எந்தக் கவிதையின் தாள் குறைவாக மிஞ்சியிருக்கிறதோ அதைத்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அந்தக் கணக்கைக் குறித்து வையுங்கள்.